விபத்து இழப்பீடு: மதுரைப் பக்கத்து மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சாலை விபத்தில் அடிபட்டவர்களும், ஆளை இழந்த வீட்டாரும் மதுரை மாவட்ட நீதிமன்றத்துக்கு வரும்போது கேட்கிற கேள்விகளைத் தொகுத்து, ஒரு வழக்கறிஞர் சொல்லும் பதில்களாக எழுதியிருக்கிறேன். சட்டப் பிரிவு எண்களைக் கூடியவரை தவிர்த்திருக்கிறேன். கணக்கைத் தவிர்க்கவில்லை, ஏனென்றால் இழப்பீட்டில் முக்கால்வாசி கணக்குதான்.

அடிபட்டு ஒரு வாரம்தான் ஆகிறது. வண்டிக்காரர் ஐம்பதாயிரம் தருகிறேன், கேஸ் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

எழுதிக் கொடுக்காதீர்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவராக ஏதாவது கொடுத்தால் அது வேறு விஷயம். ஆனால் கையெழுத்து வேண்டாம்.

முதல் வாரத்தில் உங்கள் காயத்தின் அளவு டாக்டருக்கே முழுசாகத் தெரியாது. காலில் வைத்த பிளேட்டை ஒன்றரை வருடம் கழித்து எடுக்க வேண்டியிருக்கலாம். முட்டி முழுசாக மடங்குமா, பழைய வேலைக்குப் போக முடியுமா என்பதெல்லாம் மாதங்கள் போனால்தான் புரியும். தெரியாத நஷ்டத்துக்கு எப்படி விலை பேசுவது?

இன்னொன்றையும் பாருங்கள். பணம் பேசுகிறவர் வண்டி உரிமையாளர். ஆனால் இழப்பீடு தர வேண்டியது பெரும்பாலும் அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனி. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ், அதாவது வண்டியால் அடிபடும் வெளியாளுக்கான காப்பீடு, இல்லாமல் எந்தத் தனியார் வண்டியும் ரோட்டில் ஓடக் கூடாது என்பது சட்டம். எஃப்.ஐ.ஆர். போட்டால் வண்டி ஸ்டேஷனில் நிற்கும், டிரைவருக்கு வழக்கு வரும் என்ற பயத்தில்தான் அவர் ஐம்பதாயிரம் பேசுகிறார். நீங்கள் எஃப்.ஐ.ஆர். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், பின்னாடி இன்சூரன்ஸ் வக்கீல் அந்தத் தாளைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார். ஊர்ப் பெரியவர்கள் நல்ல மனசோடுதான் சமாதானம் பேசுகிறார்கள், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பிளேட் எடுக்கிற ஆபரேஷனுக்கு அவர்கள் பணம் கட்டப்போவதில்லை.

சரி, ஆஸ்பத்திரிச் செலவுக்கு இப்போதே என்ன வழி?

தமிழ்நாடு அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் கட்டணம் இல்லாமல் சிகிச்சை கிடைக்கும். தனியார் ஆஸ்பத்திரிகளும் அந்தப் பட்டியலில் உண்டு. 2025 மே மாதம் மத்திய அரசும் ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதில் ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே இது சாலை விபத்து என்று தெளிவாகச் சொல்லுங்கள். பயத்தில் ‘வீட்டில் வழுக்கி விழுந்தார்’ என்று சொல்லிவிட்டால், அது ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில், அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில், ஏறிவிடும். பிறகு அதை மாற்றுவது பெரிய பாடு.

இழப்பீடு என்றால் மருந்துச் செலவு மட்டும்தானா?

இல்லை. காய வழக்குகளில் எதற்கெல்லாம் பணம் தர வேண்டும் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் ராஜ்குமார் வழக்கில் வரிசைப்படுத்தியது. சிகிச்சை, மருந்து, ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த ஆட்டோ, சத்தான சாப்பாடு, கூட இருந்து பார்த்துக்கொண்டவரின் செலவு. படுத்திருந்த மாதங்களின் வருமானம். நிரந்தர ஊனத்தால் இனிமேல் குறையப்போகிற வருமானம். இனி ஆகப்போகிற சிகிச்சைச் செலவு. இதெல்லாம் ஒரு பக்கம். வலி, மன வேதனை, முன்பு போல ஓடியாட முடியாமை, கல்யாணம் தள்ளிப்போவது போன்றவை இன்னொரு பக்கம்.

சின்னக் காயம் என்றால் செலவும் வலியும் சில மாத வருமானமும் தான் கிடைக்கும். நிரந்தர ஊனம் இருந்தால், இனிமேல் குறையப்போகிற வருமானம்தான் எல்லாவற்றையும் விடப் பெரிய தொகையாக நிற்கும். பேரம் பேசும்போது ‘மருத்துவச் செலவு இவ்வளவு, அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துத் தருகிறோம்’ என்று ஆரம்பிப்பது இந்தப் பெரிய தொகையைக் கண்ணில் படாமல் ஒதுக்குவதற்குத்தான்.

அந்தப் பெரிய தொகையை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்?

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். சோழவந்தான் பக்கத்துக் கொத்தனார், வயது 34. மாத வருமானம் 15,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் (விபத்து இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் நீதிமன்றம்) ஏற்றுக்கொண்டது. கால் எலும்பு முறிந்து கோணலாகச் சேர்ந்ததால் சாரத்தில் ஏற முடியவில்லை. வருமானம் ஈட்டும் திறனில் 30 சதவீதம் போய்விட்டது என்று வைப்போம்.

சொந்தத் தொழில் செய்பவருக்கும் நிலையான சம்பளக்காரருக்கும் 40 வயதுக்குள் என்றால், வருங்காலத்தில் வருமானம் ஏறியிருக்கும் என்பதற்காக 40 சதவீதம் கூட்ட வேண்டும். 40 முதல் 50 வரை 25 சதவீதம், 50 முதல் 60 வரை 10 சதவீதம். 2017-ல் பிரணய் சேத்தி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு வகுத்தது இது. மரண வழக்கில் வந்த இந்த விதி நிரந்தர ஊனத்துக்கும் பொருந்தும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆக 15,000 என்பது 21,000 ஆகிறது. வருடத்துக்கு 2,52,000.

அடுத்து மல்டிப்ளையர், அதாவது வயதைப் பார்த்து வருட வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்ற எண். 2009-ல் சர்லா வர்மா வழக்கில் வந்த அட்டவணை. 15 முதல் 25 வயது வரை 18, அப்புறம் 26–30க்கு 17, 31–35க்கு 16, 36–40க்கு 15, 41–45க்கு 14, 46–50க்கு 13. அதன் பிறகு வேகமாக இறங்கும்: 51–55க்கு 11, 56–60க்கு 9, 61–65க்கு 7, அதற்கு மேல் 5. நம் கொத்தனாருக்கு 16. பெருக்கினால் 40,32,000. அதில் 30 சதவீதம் 12,09,600.

இதோடு ஆறு மாதம் வேலைக்குப் போகாத 90,000, ஆஸ்பத்திரி பில் 1,80,000 என்று சேர்த்தாலே 14,79,600 ஆகிவிடும். வலி, சாப்பாடு, கூட இருந்தவர், போக்குவரத்து எல்லாம் அதற்கு மேல்.

இதே காயத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. தமிழ்நாட்டுத் தீர்ப்பாயங்களில் வெகுநாளாக இருக்கிற வழக்கம் அது: ஊனம் வருமானத்தைப் பாதிக்கவில்லை என்றால், ஒரு சதவீதத்துக்கு இத்தனை ஆயிரம் என்று ஒரே தொகையாகக் கொடுப்பது. சதவீதத்துக்கு 5,000 என்று வைத்தால் 30 சதவீதத்துக்கு 1,50,000. அதாவது பன்னிரண்டு லட்சம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றரை லட்சம். உங்கள் வழக்கு எந்தக் கணக்கில் போகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. உங்கள் வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

மெடிக்கல் போர்டு 40 சதவீதம் என்று சான்று கொடுத்திருக்கிறது. தீர்ப்பாயம் ஏன் 30 என்கிறது?

போர்டு சொல்வது உடம்பின் ஊனம். சில சமயம் அந்த ஒரு காலுக்கு மட்டும் 40 என்று எழுதியிருக்கும், முழு உடம்புக்கு அல்ல. அதைச் சரியாகப் படிக்க வேண்டும். தீர்ப்பாயம் பார்ப்பது சம்பாத்தியம் எவ்வளவு குறைந்தது என்பதை. ராஜ்குமார் தீர்ப்பிலேயே இதற்கு நல்ல விளக்கம் இருக்கிறது. இடது கையை இழந்தவருக்கு உடல் ஊனம் 60 சதவீதம் என்று வைத்தாலும், அவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் வருமான இழப்பு கிட்டத்தட்ட 100 சதவீதம். அவரே அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து வேலை தொடர்ந்தால், வருமான இழப்பு என்று பெரிதாக எதுவும் இருக்காது.

அதனால் சதவீதம் கூட்டி எழுதிய சான்றை வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த டாக்டர் சாட்சிக் கூண்டில் ஏறிப் பதில் சொல்ல வேண்டும். அதைவிட, நீங்கள் விபத்துக்கு முன் என்ன வேலை செய்தீர்கள், அதில் இப்போது எதைச் செய்ய முடியவில்லை என்று மேஸ்திரியோ உடன் வேலை பார்த்தவரோ வந்து சொல்வது நிறைய உதவும். இந்தச் சாட்சியை நிறையப் பேர் கொண்டுவருவதே இல்லை.

எனக்குச் சம்பளச் சான்று கிடையாது. மாட்டுத்தாவணியில் பூ வியாபாரம். வருமானத்தை எப்படிக் காட்டுவது?

பூ வியாபாரத்தில் நிலையான வருமானம் என்று ஒன்று இல்லை என்பது உண்மைதான். மார்கழியில் மல்லி விலை எங்கேயோ போகும், வேறு மாதத்தில் கூடைக்கே கட்டுப்படியாகாது. அதனால் ஒரு நாள் கணக்கைக் காட்டாமல் வருடக் கணக்கைக் காட்டுங்கள். கமிஷன் கடைச் சிட்டைகள், பாங்க் பாஸ்புக், ஜிபே வரவுகள், மகளிர் குழுவில் கட்டிய தவணை, பள்ளிக் கட்டண ரசீது, வாடகை ஒப்பந்தம் என எதுவும் பயன்படும். மாதாமாதம் 6,000 ரூபாய் கடன் தவணை தவறாமல் கட்டியவருக்கு மாத வருமானம் 7,000 தான் என்று யாரும் வாதாட முடியாது.

ஒன்றுமே இல்லாவிட்டாலும் தீர்ப்பாயம் உத்தேச வருமானம் ஒன்றை வைக்கும். 2008-ல் விபத்தில் காலை இழந்த ஒரு காய்கறி வியாபாரிக்கு, சான்று எதுவும் இல்லாமலே மாதம் 6,500 என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் ஏற்றுக்கொண்டது. சையது சாதிக் வழக்கு. 2008-ல் 6,500 என்றால் இன்றைக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்டுத்தான் நாங்கள் வாதம் வைக்கிறோம்.

விபத்தில் ஆள் இறந்துவிட்டால்?

கணக்கு கிட்டத்தட்ட அதேதான். ஆனால் இறந்தவர் தனக்காகச் செலவழித்திருக்கக் கூடிய பங்கைக் கழிப்பார்கள். கல்யாணம் ஆகாதவர் என்றால் பாதி. நம்பியிருப்பவர்கள் இரண்டு மூன்று பேர் என்றால் மூன்றில் ஒன்று, நான்கு முதல் ஆறு பேர் என்றால் நான்கில் ஒன்று, அதற்கு மேல் ஐந்தில் ஒன்று.

38 வயது வியாபாரி, மாதம் 16,000, மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என்று வைப்போம். 40 சதவீதம் கூட்டினால் 22,400. நான்கில் ஒன்றைக் கழித்தால் 16,800. வருடத்துக்கு 2,01,600. மல்டிப்ளையர் 15. ஆக 30,24,000.

இதோடு துணையையும் தந்தையையும் பிள்ளையையும் இழந்ததற்கான தொகை ஆளுக்கு 40,000 என்று 2017, 2018 தீர்ப்புகளில் வைத்தார்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை 10 சதவீதம் ஏற வேண்டும் என்றும் சொல்லியிருப்பதால், இரண்டு முறை ஏறி 48,400 ஆகியிருக்கிறது. நான்கு பேருக்கு 1,93,600. ஈமச் செலவும் சொத்து இழப்பும் தலா 15,000 இருந்து 18,150 ஆனவை. மொத்தம் 32,53,900. எல்.ஐ.சி. பணம் வந்திருந்தால் அதை இதிலிருந்து கழிக்கக் கூடாது.

என் அம்மா வேலைக்குப் போகவில்லை. வீட்டைப் பார்த்துக்கொண்டவர். அவருக்கு வருமானமே இல்லை என்கிறார்களே?

அந்தக் காலம் போய்விட்டது. 2001-லேயே உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இல்லத்தரசியின் உழைப்புக்கு மாதம் 3,000 என்று மதிப்பு வைத்தது. 2021 ஜனவரியில் வந்த கீர்த்தி வழக்கின் தீர்ப்பு, அந்த மதிப்புக்கு மேல் வருங்கால உயர்வையும் சேர்க்க வேண்டும் என்றது. மாடு வளர்த்தார், தையல் போட்டார், நூறு நாள் வேலைக்குப் போனார் என்றால் அதையும் சொல்லுங்கள். ‘அம்மா சும்மாதான் இருந்தாங்க’ என்று பிள்ளைகளே சாட்சியில் சொல்லிவிடுகிறார்கள். கேட்கும்போது கோபம்தான் வருகிறது.

என்னென்ன தாள்கள் எடுத்து வைக்க வேண்டும்?

எஃப்.ஐ.ஆர். நகல், இடத்தின் மாதிரி வரைபடம், மகஜர் (விபத்து நடந்த இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் குறிப்பு), வண்டியைச் சோதித்த மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, ஆர்.சி., டிரைவர் லைசென்ஸ், இன்சூரன்ஸ் பாலிசி நகல், குற்றப்பத்திரிகை. பெரியாஸ்பத்திரியில் முதலில் சேர்த்திருந்தால் அங்கே ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் நகலும் காயச் சான்றும். பிறகு தனியாருக்கு மாற்றியிருந்தால் அங்கேயும் டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ஸ்கேன். பில் எல்லாமே அசல். வெயிலில் அழிந்துபோகும் தெர்மல் பேப்பர் பில்களை அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

சட்டப்படி போலீஸே விபத்து விவரத்தை 48 மணி நேரத்துக்குள் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸுக்கும் அனுப்ப வேண்டும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையும் தர வேண்டும். 2022 ஏப்ரல் முதல் இது விதி. அது நடக்கும் என்று உட்கார்ந்திருக்காமல், நீங்களும் ஸ்டேஷனில் கேட்டு நகல் வாங்குங்கள்.

மனு எத்தனை நாளுக்குள் போட வேண்டும்? விபத்து திருப்பூரில், நாங்கள் இருப்பது உசிலம்பட்டியில்.

2022 ஏப்ரல் 1-க்குப் பிறகு நடந்த விபத்துக்கு ஆறு மாதம் என்று சட்டத்தில் இருக்கிறது. இந்த வரம்பே செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போய், காலம் கடந்தது என்பதற்காக மனுக்களைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. ஆனாலும் ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். இடைக்கால உத்தரவை நம்பி எதற்கு ஒத்திப்போட வேண்டும்?

இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். விபத்து நடந்த ஊர், நீங்கள் குடியிருக்கும் ஊர், எதிர்த்தரப்பு இருக்கும் ஊர், எங்கே வேண்டுமானாலும் போடலாம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் திருப்பூர் போக வேண்டியதில்லை.

இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டான். வண்டி நம்பர் தெரியாது.

முதலில் நம்பரைத் தேடுங்கள். நான்கு வழிச் சாலையில் கப்பலூர் மாதிரி டோல்கேட் கேமரா, பெட்ரோல் பங்க், ஹோட்டல் கேமரா என்று வழியெங்கும் கண்கள் இருக்கின்றன. ஆனால் பதிவுகள் சில நாட்களில் அழிந்துவிடும். ஸ்டேஷனில் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள், தேதி போட்டு.

கடைசிவரை தெரியவில்லை என்றால் அரசு நிதியிலிருந்து மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. விபத்து நடந்த பகுதியின் கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் விசாரித்து ஆட்சியருக்கு அனுப்புவார். நம்பர் தெரிந்தால் கிடைக்கக் கூடிய தொகையோடு ஒப்பிட்டால் இது சொற்பம். அதனால்தான் முதலில் கேமரா என்கிறேன்.

ஹெல்மெட் போடவில்லை. மூன்று பேர் போனோம். ஒன்றும் கிடைக்காதா?

கிடைக்கும். மூன்று பேர் போனதே விபத்துக்குக் காரணம் என்று காட்டினால்தான் பங்கு குறையும், மூன்று பேர் போனார்கள் என்பது மட்டும் போதாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஹெல்மெட் இல்லாமல் தலையில் அடிபட்டால் ஒரு பங்கைக் குறைக்கும் தீர்ப்பாயங்கள் உண்டு. காலில் அடிபட்டதற்கும் ஹெல்மெட்டுக்கும் என்ன சம்பந்தம்? உங்கள் மேல் 20 சதவீதம் தவறு என்று முடிவானால் மொத்தத்தில் 20 சதவீதம் கழியும், அவ்வளவுதான்.

தவறு முழுக்க உங்களுடையது, தூக்கக் கலக்கத்தில் நீங்களே சென்டர் மீடியனில் மோதினீர்கள் என்றால் கதை வேறு. அப்போது உங்கள் பாலிசியில் உரிமையாளர்–ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். 2018-ல் அது 15 லட்சமாக உயர்த்தப்பட்டது. லைசென்ஸ் இருக்க வேண்டும்.

குலசாமி கும்பிட லோடு வண்டியில் போனோம், வண்டி கவிழ்ந்துவிட்டது. இன்சூரன்ஸ் தராது என்கிறார்களே, உண்மையா?

வருத்தமான விஷயம், ஆனால் பெரும்பாலும் உண்மை. சரக்கு வண்டிக்கான பாலிசி அதில் சும்மா ஏறிப் போகும் ஆட்களைக் காப்பதில்லை என்று ஆஷா ராணி வழக்கில் 2002 டிசம்பரிலேயே முடிவாகிவிட்டது. சரக்கின் சொந்தக்காரர் சரக்கோடு போனால் பாதுகாப்பு உண்டு. கிடா வெட்டுக்கும் காது குத்துக்கும் குட்டியானையில் இருபது பேர் போனால் கிடையாது. அப்போது உரிமையாளர்தான் கொடுக்க வேண்டும், அவரிடம் அந்த ஒரு வண்டியைத் தவிர வேறு எதுவும் இருக்காது. திருவிழா நேரத்தில் அழகர்கோவில் ரோட்டில் நிற்கிற லோடு வண்டிகளைப் பார்த்தால் எனக்கு இந்தத் தீர்ப்புதான் நினைவுக்கு வரும். வேன் வாடகை இரண்டாயிரம் கூடுதல் என்றாலும் வேனில் போங்கள்.

டிரைவருக்கு லைசென்ஸ் இல்லை என்பது வேறு வகை. அதில் பல நேரம் கம்பெனி முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயம் சொல்லும். இலகு ரக லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, அந்த வகைச் சண்டை குறைந்திருக்கிறது.

டூவீலரில் பின்னால் உட்கார்ந்து போனவர், அந்த டூவீலர் ஓட்டியவரின் தவறால் அடிபட்டால், மூன்றாம் நபர் பாலிசி மட்டும் போதாது. முழுப் பாலிசி இருக்க வேண்டும்.

அரசு பஸ் இடித்தது. இன்சூரன்ஸ் இல்லையாமே?

போக்குவரத்துக் கழகமே தன் பணத்திலிருந்து கொடுக்க வேண்டும். தீர்ப்பு வாங்குவதில் கஷ்டம் இல்லை, பணம் வாங்குவதில்தான் இழுக்கும். தீர்ப்பாயம் சொன்ன கெடு முடிந்தும் கட்டாவிட்டால் நிறைவேற்று மனு போட வேண்டும். நீதிமன்ற அமீனா பஸ் ஸ்டாண்டிலேயே பஸ்ஸை ஜப்தி செய்த செய்திகளை நீங்களே பேப்பரில் படித்திருப்பீர்கள். பயணிகளுக்கு அவதிதான். ஆனால் பல குடும்பங்களுக்கு அதன் பிறகுதான் பணம் வந்திருக்கிறது.

லோக் அதாலத்தில் பேசி முடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். நல்லதா?

தொகையைப் பொறுத்தது. மக்கள் நீதிமன்றத்தில் நிறைய நன்மை உண்டு. வருடக்கணக்கில் இழுக்காது, கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்ப வரும், இன்சூரன்ஸ் கம்பெனி மேல்முறையீடு என்று கிளம்ப முடியாது. அதே கதவு உங்களுக்கும் மூடியிருக்கும். கையெழுத்துப் போட்ட பிறகு ‘குறைவாகப் பேசிவிட்டேன்’ என்று மேல்முறையீடு செய்ய முடியாது.

அதனால் போகிற அன்றைக்கு முன்பே, மேலே சொன்ன கணக்கை ஒரு தாளில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். கொத்தனாரின் கணக்கு பதினான்கு லட்சத்துச் சொச்சம். கம்பெனி ஆறு லட்சம் என்றால், எதைக் குறைத்தார்கள் என்று கேளுங்கள். வருமானத்தை 15,000-க்குப் பதில் 9,000 என்று வைத்தார்களா, ஊனத்தை 15 சதவீதமாக்கினார்களா, வருங்கால உயர்வையே விட்டுவிட்டார்களா? காரணம் சொன்னால் பேசலாம். மருத்துவ சாட்சியில் உண்மையிலேயே ஓட்டை இருந்தால் பத்து லட்சத்துக்கு ஒத்துக்கொள்வது புத்திசாலித்தனம்கூட. காரணம் சொல்லாமல் ‘ரவுண்டாக ஆறு வைத்துக்கொள்ளுங்கள்’ என்றால் எழுந்து வந்துவிடலாம். வழக்கு பழையபடி தீர்ப்பாயத்தில் நடக்கும், உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை.

வட்டியை மறக்காதீர்கள். இங்கே தீர்ப்பாயங்கள் பெரும்பாலும் மனு போட்ட நாளிலிருந்து வருடத்துக்கு 7.5 சதவீதம் வட்டி தருகின்றன. 10 லட்சத்துக்கு மூன்று வருடத்தில் 2,25,000. சமரசத்தில் பேசுகிற தொகை வட்டியும் சேர்த்த மொத்தத் தொகை. மூன்று வருடம் நடந்த வழக்கில் 10 லட்சத்துக்கு முடித்தால், உண்மையில் எட்டு லட்சத்துச் சொச்சத்துக்குத்தான் முடித்திருக்கிறீர்கள்.

சிகிச்சை முடியாமலும் போர்டு சான்று வராமலும் லோக் அதாலத்துக்குப் போகவே போகாதீர்கள். அவசரத் தேவை, மகள் கல்யாணம், கந்துவட்டிக்காரன் நெருக்குகிறான் என்ற காரணங்கள் எனக்குப் புரிகின்றன. உங்கள் அவசரம் எதிர்த்தரப்புக்குத் தெரிந்த நிமிடத்தில் தொகை இறங்கும் என்பதும் புரிகிறது.

வக்கீல் ஃபீஸ் வருகிற பணத்தில் இத்தனை பர்சென்ட் என்கிறார்கள். அது சரிதானா?

சரியில்லை. ஜெயிக்கிற தொகையில் பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. நடைமுறையில் நடக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆஸ்பத்திரி வார்டிலேயே ஏஜென்டுகள் வந்து, ‘ஒரு பைசா செலவில்லை, கையெழுத்து மட்டும் போடுங்க’ என்று வக்காலத்து வாங்கிப் போவதும் நடக்கிறது. வெற்றுத் தாளிலும் வெற்றுச் செக்கிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஃபீஸ் எவ்வளவு என்று தொகையாகப் பேசி எழுதி வாங்குங்கள். பணம் கட்ட முடியாதவர்களுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். பெண்கள், பட்டியலினத்தவர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமலே உண்டு. தொலைபேசி எண் 15100.

பணம் கையில் எப்படி வரும்?

கம்பெனி கட்டியதும் உங்கள் பாங்க் கணக்குக்கு நேரடியாக மாற்றச் சொல்லித் தீர்ப்பாயங்களை உச்ச நீதிமன்றம் 2025-ல் அறிவுறுத்தியிருக்கிறது. வேறு யார் கணக்கும் நடுவில் வேண்டாம். சிறுவர்களின் பங்கு 18 வயது வரை நிரந்தர வைப்பில் இருக்கும். படிப்புச் செலவுக்கு வேண்டுமென்றால் மனுப் போட்டு வட்டியை எடுக்கலாம்.

வேலை செய்யும் இடத்தில் அடிபட்டால் இதே வழிதானா?

இல்லை. மேலூர்ப் பக்கக் கல்குவாரியோ, கப்பலூர் சிட்கோவில் ஒரு பட்டறையோ, அங்கே அடிபட்டால் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். 1923-ல் இருந்து இருந்த அந்தச் சட்டம், 2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. அங்கே முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டியதில்லை, ஆனால் கணக்கும் வேறு. இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் இ.எஸ்.ஐ. வழியாகத்தான். வேலை நேரத்தில் கம்பெனி வண்டியில் போகும்போது சாலை விபத்து என்றால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், இரண்டையும் வாங்க முடியாது. இரண்டு கணக்கையும் போட்டுப் பார்க்காமல் எந்த மனுவிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

தீர்ப்பில் வந்த தொகை குறைவு என்று தோன்றுகிறது. இனி என்ன?

90 நாளுக்குள் ஒத்தக்கடைப் பக்கம் இருக்கிற உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மேல்முறையீடு செய்யலாம். வித்தியாசம் ஒரு லட்சத்துக்குக் குறைவு என்றால் முடியாது. நீங்கள் மனுவில் கேட்டதைவிட அதிகமாகக் கூட நீதிமன்றம் கொடுக்கலாம், அதற்குத் தடை இல்லை. தீர்ப்பின் நகலை வாங்கி, வருமானம், வருங்கால உயர்வு, மல்டிப்ளையர், சதவீதம் என்று நான்கு எண்களை மட்டும் முதலில் தேடிப் படியுங்கள். குறை இருந்தால் பெரும்பாலும் அந்த நான்கில் ஒன்றில்தான் இருக்கும்.